குணசித்திர நடிகரின் ஒப்பந்தமும் கவனிக்கப்படட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கத் தொலைக்காட்சியின் குணசித்திர நடிகர் வில்லியம் ஷாலர்ட் (1922–2016) பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. 'த பட்டி டியூக் ஷோ'வில் (1963–66) தந்தை, 1967இல் 'ஸ்டார் ட்ரெக்'கில் சிடுசிடுக்கும் அதிகாரி. முகம் எல்லோருக்கும் தெரியும், பெயர் தெரியாது.

தொலைக்காட்சித் துணைநடிகர்களான எங்களுக்கு அவர் பெரியவராவது வேறொரு காரணத்தால். 1979 முதல் 1981 வரை அமெரிக்கத் திரை நடிகர் சங்கத் தலைவர் அவர். 1980இல் நடிகர்கள் ஜூலை முதல் ஒக்டோபர் வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டணத் தொலைக்காட்சியும் வீடியோ கசெட்டும் புதிதாக வந்த காலம். அவற்றின் வருமானத்தில் பங்கு கேட்டார்கள். தலைவராக இருந்தபோதே ஷாலர்ட் மாற்றுத்திறன் கலைஞர்களுக்காகச் சங்கத்துக்குள் ஒரு குழுவையும் தொடங்கினார்.

புதிய ஊடக வருமானத்தில் பங்கு என்ற அதே கேள்வி இங்கும் உண்டு. கொழும்பில் தொலைக்காட்சி நாடகங்களில் நடிக்கும் இளையவர்கள் ஒப்பந்தத்தில் நான்கைப் பார்க்கவேண்டும்: படப்பிடிப்பு நாட்கள், மேலதிக நாளுக்கான கொடுப்பனவு, மறுஒளிபரப்பு, இணையப் பதிவேற்றம். "சகல உரிமைகளும்" என்ற ஒற்றை வரியில்தான் பின்னிரண்டும் கைவிட்டுப்போகின்றன. அந்த வரியை வெட்டி, ஒவ்வொரு ஊடகத்துக்கும் தனித்தொகை எழுதுவித்து, கையொப்பமிட்ட பிரதியொன்றை அன்றே வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பவே வேண்டாம்.

இப்படிக்கு,
தொலைக்காட்சி நாடகத் துணைநடிகர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06