நான் எடுக்காத மூன்று அழைப்புகளுக்கு

அன்புடையீர்,

பக்கவாதத்தோடு மருத்துவமனைக்குப் போன அப்பா வீடு திரும்பி ஐந்து வாரம் ஆகிறது. நன்றி சொல்ல இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் சோம்பல் இல்லை, கூச்சம். நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேரிடம் அன்றைக்கு நான் சண்டை போட்டிருக்கிறேன். ஆகவே இதை நன்றி மடல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, மன்னிப்புக் கடிதம் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

அன்று காலை ஏழு மணிக்கு மேல் அப்பாவின் அறையை எட்டிப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வலது கை பொத்தானைத் தொடுகிறது, நழுவி மடியில் விழுகிறது. அதை இடது கையால் தூக்கி மறுபடியும் பொத்தானிடம் கொண்டுபோகிறார், வேறு யாருடைய கையையோ தூக்குவதுபோல. "என்னப்பா?" என்றேன். "சாவி" என்றார். வாயின் வலது ஓரம் இறங்கியிருந்தது. "எந்தச் சாவி?" என்று கேட்டதற்கு எரிச்சலோடு இன்னொரு முறை "சாவி" என்றார். அன்று முழுக்க அவருக்கு எல்லாமே சாவிதான். தண்ணீரும் சாவி, நானும் சாவி.

முதல் நன்றி, அவசர அழைப்பை எடுத்த பெண்மணிக்கு. நான் அழுதுகொண்டே ஏதேதோ சொல்ல, அவர் மூன்று வேலை மட்டும் கொடுத்தார்: சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். மூன்றிலும் அப்பா தோற்றார். "பக்கவாதம்போலத் தெரிகிறது, வண்டி கிளம்பிவிட்டது, வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள்" என்றார். அதற்குள் நான் ஆஸ்பிரின் அட்டையைக் கிழித்திருந்தேன். மாரடைப்புக்குக் கொடுப்பார்களே என்ற அரைகுறை அறிவு. மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்து ரத்தம் கசிகிறதா என்பது ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. கசிவாக இருந்தால் அந்த மாத்திரை எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதைதான். அவர் ஒரு சொல் சொல்லாமல் விட்டிருந்தால் கொடுத்தே இருப்பேன்.

ஆம்புலன்ஸில் வந்தவர் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார். சர்க்கரை ரொம்பத் தாழ்ந்தாலும் பக்கவாதம் மாதிரியே இருக்குமாம். அது சரியாக இருந்தது. அப்புறம் கேட்டார்: "கடைசியாக இவரை நல்லபடியாகப் பார்த்தது எப்போது?" நேற்று ராத்திரி பத்து மணிக்கு என்றேன். அவர் முகம் மாறியது. எனக்குக் காரணம் புரியவில்லை. இப்போது புரிகிறது. குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு நாம் கண்டுபிடித்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. ராத்திரி பத்து என்றால் நாங்கள் ஏற்கெனவே ஒன்பது மணி நேரம் தாண்டியவர்கள். தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கு எம்.ஆர்.ஐ. போன்ற ஸ்கேன்களைப் பார்த்துச் சிலருக்கு ஊசி போடுவதும் உண்டாம். அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அப்போதுதான் என் போன் அடித்தது. கீழ்வீட்டு அண்ணன். வேடிக்கை கேட்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்து வெட்டிவிட்டேன். மறுபடி அடித்தது, வெட்டினேன். மூன்றாவது முறை போனைக் கவிழ்த்தே வைத்துவிட்டேன். நான்காவது முறை ஆம்புலன்ஸ்காரர், "கொடுங்கள், நான் பேசுகிறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

அண்ணன் சொன்னது இவ்வளவுதான். காலையில் நடக்கப் போகும்போது கேட் அருகே அப்பா நின்றிருக்கிறார். இருவரும் இரண்டு நிமிடம் பேசியிருக்கிறார்கள், அப்பா தெளிவாகப் பேசிச் சிரித்திருக்கிறார். "எத்தனை மணி, உறுதியாகத் தெரியுமா?" என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்டார். தெரியுமாம். பேசுவதற்காக நடைக்கணக்குச் செயலியை நிறுத்தியதால் அதில் பதிவாகியிருக்கிறது. 6:34.

ஆம்புலன்ஸ்காரர் தன் கையுறையின் பின்பக்கத்திலேயே அதை எழுதிக்கொண்டார். உடனே மருத்துவமனையைக் கூப்பிட்டு, வயது, வலது பக்கம், பேச்சு போயிருக்கிறது, கடைசியாக நன்றாக இருந்தது 6:34, வந்து சேர இருபது நிமிடம் என்று ஒப்பித்தார். அண்ணா, செருப்புக்கூடப் போடாமல் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தீர்களாமே. நான் வெட்டிய அந்த மூன்று அழைப்புகளுக்கு என்ன சொல்வது என்று ஐந்து வாரமாக யோசிக்கிறேன். வார்த்தை கிடைத்தபாடில்லை.

வழியில் இன்னொரு கூத்து. வண்டி எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்த ஒரு மருத்துவமனையைத் தாண்டிப் போனது. நான் ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினேன், சொல்லக்கூடாத வார்த்தையும் வந்தது. அங்கே அந்த நேரத்தில் சி.டி. ஸ்கேன் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அங்கே இறக்கி, அவர்கள் பார்த்து, மறுபடி வேறிடம் அனுப்பியிருந்தால் அந்த 6:34 வீணாகியிருக்கும். பெரிய ரத்தக்குழாய் அடைத்துவிட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று பிறகு படித்தேன். என்னோடு வாதாட அவர் வண்டியை நிறுத்தவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு நன்றி.

7:51க்கு உள்ளே போனோம். ஸ்ட்ரெச்சரை எந்த அறைக்கும் கொண்டுபோகவில்லை, நேராக ஸ்கேனுக்கு. லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துப் பிடித்தபடி காத்திருந்த வார்டு உதவியாளர் ஒருவர் இருந்தார். பெயர் தெரியவில்லை, அந்தக் கால் மட்டும் ஞாபகத்தில் இருக்கிறது. ஸ்கேனில் கசிவு இல்லை. மூளையின் இடது பக்கத்துப் பெரிய குழாயில் அடைப்பு. வலது கையையும், பெரும்பாலும் பேச்சையும் நடத்துவது அந்தப் பக்கம்தான். பேச்சும் வலது கையும் போனதற்குக் கணக்குச் சரியாக வந்தது.

அப்புறம்தான் நான் நர்ஸ் அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். இல்லை, அவர் என்னிடம் மாட்டிக்கொண்டார். மருந்து தயார், டாக்டர் தயார், ஆனால் ஊசி போடவில்லை. பிரஷர் 204/112 இருந்தது. 185/110க்குக் கீழே இறங்காமல் போட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து அதிகம், அதனால் முதலில் அதை இறக்குகிறோம் என்றார். "நிமிடத்துக்கு நிமிடம் முக்கியம் என்றீர்கள், இப்போது சும்மா நிற்கிறீர்களே" என்று சீறினேன். அவர் சும்மா நிற்கவில்லை. ஒரு கண் மானிட்டரில், ஒரு கை அப்பாவின் தோளில். எடை எவ்வளவு என்று கேட்டார். எழுபது என்றேன், அப்பா எப்போதும் சொல்லிக்கொள்வது அதுதான். அவர் நம்பாமல், எடை காட்டும் கட்டிலுக்கு மாற்றிப் பார்த்தார். 62. அந்த மருந்து கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் கணக்கு. நான் சொன்ன எடைக்கு 63 மில்லிகிராம் போயிருக்கும், போக வேண்டியது 55.8. கசிவு ஏற்படுத்தக்கூடிய மருந்தில் ஏழு மில்லிகிராம் கூடுதல்! அந்த 55.8இல் பத்தில் ஒரு பங்கை முதல் ஒரு நிமிடத்தில் ஏற்றிவிட்டு, மீதியை ஒரு மணி நேரம் சொட்ட விட்டார்கள். அப்போது 8:38.

டூட்டி டாக்டர் சின்னப் பெண், என் தங்கை வயதுதான் இருக்கும். ஊசிக்கு முன்னால் என்னைத் தனியே கூப்பிட்டு, "இதில் நூறு பேரில் ஆறு பேருக்குள் மூளையில் கசிவு வரலாம், போடாவிட்டால் இந்தக் கை இப்படியே நின்றுபோகிற வாய்ப்பு அதைவிடப் பெரிது, எங்கள் அப்பாவாக இருந்தால் போடச் சொல்வேன்" என்றார். மூன்றே வாக்கியம். கையெழுத்துப் போட்டேன்.

கட்டி பெரியது என்பதால் கரையும்வரை காத்திருக்காமல், தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டு அதை இழுத்தும் எடுத்தார்கள். வெளியே வந்த டாக்டர், பஞ்சுத் துணியில் இருந்ததைக் காட்டினார். கருஞ்சிவப்பாக, சுண்டுவிரல் நகம் அளவுதான். அப்பாவின் மொத்தப் பேச்சையும் அடைத்து உட்கார்ந்திருந்தது அதுதான்.

வார்டில் இரவு முழுக்க இருந்த நர்ஸ் அக்காக்களுக்கு: முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒரு தடவை, அடுத்த ஆறு மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, அப்புறம் மணிக்கு ஒரு தடவை. 24 மணி நேரத்தில் 36 முறை கையைத் தூக்கச் சொல்லி, கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்திருக்கிறீர்கள். "மனுஷனைத் தூங்க விடுங்கள்" என்று முணுமுணுத்தது நான்தான். அப்பா "சாவி" என்று தண்ணீரைக் காட்டியபோது டம்ளரை எடுத்துப்போனதும் நான்தான். விழுங்குகிறாரா என்று சோதிக்காமல் கொடுத்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும் என்று சொல்லி, கையிலிருந்து வாங்கி வைத்தீர்கள். குரல் உயரவே இல்லை.

இதற்கு ஒரு வாரம் முன்பு, அப்பா வலது கை மரத்துப்போகிறது என்றார். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. கையை மடக்கிப் படுத்திருப்பீர்கள் என்று சொல்லி விட்டுவிட்டேன். அது முன்னெச்சரிக்கை என்று பிறகு சொன்னார்கள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்து, உள்ளே தேங்கிய ரத்தம்தான் கட்டியாகி மேலே போயிருக்கிறது. இப்போது அதற்கு மாத்திரை. இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன், இங்கே எழுதிவிட்டேன்.

அப்பா இப்போது வலது கையால் பொத்தான் போடுகிறார். ஐந்து பொத்தானுக்கு நான்கு நிமிடம், உதவிக்குப் போனால் முறைக்கிறார். பேச்சுப் பயிற்சி தருபவரின் பொறுமைக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். நேற்று அப்பா அவரிடம் நிஜமாகவே சாவியைத் தேடிச் சாவி என்று சொல்ல, அவர் வேறு ஏதோ என்று நினைத்து அறை முழுக்கத் தேடியிருக்கிறார்.

இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எல்லாம் சரி, எடையை மட்டும் எடுத்துவிடு என்கிறார். எடுக்கவில்லை.