படத்தில் வராத இஸ்திரி வண்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற சித்திரையில் உங்கள் நாளிதழின் புறநகர்ப் பக்கத்தில், எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்கம் 16 கண்காணிப்பு கேமராக்கள் பொருத்திய செய்தியைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். இடமிருந்து மூன்றாவதாகச் சால்வையும் கையுமாக நிற்பது நான்தான். சங்கத்தின் பொருளாளர், தொலைபேசித் துறையில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 142 வீடுகளில் 117 வீட்டு வாசலேறி வீட்டுக்கு ரூ.1,500 வசூலித்ததும் நான்தான். (மீதி 25 வீட்டைப் பற்றி ஆரம்பித்தால் கடிதம் முடியாது.) 'இனி பயமில்லை' என்று தலைப்புக் கொடுத்திருந்தீர்கள். அதற்கு அப்புறம் நடந்ததையும் நீங்கள் போட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆடி மூன்றாம் வெள்ளி, மாலை ஏழேகால். விளக்கு பூஜை முடிந்து அம்மன் கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த எதிர் வீட்டு அம்மாவின் தாலிச் சங்கிலியை, பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். அவர் விடாமல் இறுக்கிப் பிடித்ததில் மூன்று பவுனில் முக்கால் பவுன் கையோடு தங்கியது. தாலி புடவை மடிப்பில் சிக்கிக் கிடைத்தது. கழுத்தில் இரண்டு தையல்.

கேமராவைப் பார்க்கச் செயலாளர் வீட்டு மாடிக்கு ஓடினோம். திரையில் 16 கட்டம். அதில் ஐந்துக்குத்தான் உயிர் இருந்தது. சம்பவம் நடந்த முனையின் கட்டம் நல்லவேளை அந்த ஐந்தில் ஒன்று. ஆனால் தெரிந்தது வேப்பிலை. சித்திரையில் தளிராக இருந்த கிளை ஆடிக்குள் தழைத்து லென்ஸை மூடிவிட்டது. காற்றடித்தால் கிளை விலகி ஒரு கணம் ரோடு தெரிகிறது, மறு கணம் வேப்பிலை. "அம்மனே மறைச்சுக்கிட்டா போல" என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. கேமரா வாங்கியபோதே, வருஷப் பராமரிப்புக்குத் தனியாகப் பன்னிரண்டாயிரம் கேட்டார்கள். அது தண்டச் செலவு என்று வாதாடி நிறுத்தியவளும் நானே. அதையும் உங்கள் படத்தில் போட்டிருக்க முடியாது.

கிளை விலகிய கணங்களிலும் பயனில்லை. அந்த முனையில் ஒன்பது நாளாகத் தெரு விளக்கு எரியவில்லை. புகார் சொன்னபோது கம்பத்து எண் கேட்டார்கள். போய்ப் பார்த்தால் எண் இருந்த இடத்தில் 'டூ லெட்' நோட்டீஸ், அதன் கீழே டியூஷன் சென்டர், அதன் கீழே இன்னொரு டியூஷன் சென்டர். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்த போனை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

போலீஸுக்குப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வாசகர்களுக்கு உதவும். மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன், அந்தப் பக்கம் வேறொன்று. முதலில் போன இடத்தில், "அந்த முனை எங்க லிமிட் இல்லம்மா" என்றார்கள். கழுத்தில் பஞ்சு வைத்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மற்ற ஸ்டேஷனுக்குப் போனோம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பதிந்ததன் நகலைக் காசு வாங்காமல் தர வேண்டும். அன்றைக்கு அங்கே நின்ற நான்கு நிர்வாகிகளில் ஒருவருக்கும் இது தெரியாது. சங்கிலிப் பறிப்புக்கென்றே பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் 304 என்று தனிப் பிரிவு வந்திருப்பதும், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு என்பதும் நான் அப்புறம் தேடிப் படித்தது. எங்கள் ஆண்டு விழாவில் சட்ட விளக்கத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கத்தான் செய்தோம். மியூசிக்கல் சேர் அதை விழுங்கிவிட்டது.

மறுநாள் காலை ஏட்டு ஒருவர் வந்தார். வேப்பிலைப் படத்தை அரை நிமிஷம் பார்த்தார். அப்புறம் நேரே முனையில் நிற்கும் இஸ்திரி வண்டிக்குப் போனார். வண்டிக்காரர் கரியை விசிறிக்கொண்டே சொன்னார்: "அந்த பைக்கு புதன்கெழமையே ரெண்டு தடவ வந்துச்சு சார். முட்டுச்சந்துன்னு தெரியாம மூணாவது தெருவுக்குள்ள போய்ட்டுத் திரும்பி வந்தானுங்க. நம்ம ஏரியா ஆளுங்கன்னா அங்க போவாங்களா?" நம்பர் பிளேட் மேல்பக்கமாக மடங்கியிருந்தது, பின்னால் உட்கார்ந்தவன் இடது காலில் மட்டும் செருப்பு இல்லை, அதுவரை சொன்னார். இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டேன். "யார்கிட்டம்மா சொல்றது?" என்றார்.

எங்கள் சங்கத்து வாட்ஸ்ஆப் குழுவில் 131 பேர் இருக்கிறோம். நாள் முழுக்கத் தெருவிலேயே இருக்கும் இஸ்திரிக்காரர், பூக்கார அம்மா, குப்பை வண்டி ஓட்டும் பெண், இவர்களில் ஒருவரும் அதில் இல்லை. ஏட்டு என் பக்கம் திரும்பி, "இவர் பேர் என்னங்க?" என்றார். பத்தொன்பது வருஷமாக என் புடவைகளுக்கு அவர்தான் இஸ்திரி. நான் செயலாளரைப் பார்த்தேன். அவர் துணைத் தலைவரைப் பார்த்தார்.

இதைவிட வெட்கமான விஷயம் இன்னொன்று இருக்கிறது. அதற்கு மூன்று வாரம் முன்புதான் சங்கக் கூட்டத்தில் ஏழாவது தீர்மானம் நிறைவேறியது: 'கார் திரும்ப இடைஞ்சலாகவும் வெளியாட்கள் கூடும் இடமாகவும் உள்ள இஸ்திரி வண்டியை அகற்றக் கோருவது.' எதிர்ப்பே இல்லை. கையெழுத்தில் என்னுடையதும் உண்டு. தெரு வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டத்தை இப்போதுதான் எடுத்துப் படித்தேன். தெருவில் பொருள் விற்பவர் மட்டுமில்லை, சேவை செய்பவரும் அதில் வருகிறார். இடம் மாற்றச் சொல்வதானால் உள்ளாட்சி அமைப்பு 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். சங்கம் தீர்மானம் போட்டு விரட்டுகிற விஷயமே இல்லை இது.

பிறகு சில்லறை வேலைகள் சிலவற்றைச் செய்தோம். கிளையை வெட்டினோம். நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு சாயங்காலம் டார்ச்சோடு நடந்து 38 கம்பத்து எண்களையும் நோட்டில் எழுதினோம். நோட்டீஸ்களைச் சுரண்டியதில் என் நகம் போனது. விளக்கு இப்போது எரிகிறது. இஸ்திரிக்காரரைக் குழுவில் சேர்க்கலாம் என்றால் அவரிடம் இருப்பது பட்டன் போன். அதனால் என் நம்பரைப் பெரிதாக எழுதி வண்டிக் கூரையில் ஒட்டினேன். இதுவரை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். முதல் தடவை, தெரியாத ஆள் வீடு வீடாக எட்டிப் பார்க்கிறான் என்று. போனால் அவர் காஸ் அடுப்பு ரிப்பேர்க்காரர், விலாசம் தெரியாமல் அலைந்திருக்கிறார். இரண்டாவது தடவை, "சாக்கடை மூடி உடைஞ்சிருக்கும்மா, பசங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரம், ஒரு ஆளை அனுப்புங்க" என்று. நாங்கள் போகும்போது தன் ஸ்டூலையே அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்தார்.

பைக் இன்னும் பிடிபடவில்லை. வரும் இரண்டாம் ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்கக் கூட்டம். ஏழாவது தீர்மானத்தை ரத்து செய்யக் கோரி எழுதிக் கொடுத்திருக்கிறேன்; குறைந்தது ஆறு பேர் எதிர்ப்பார்கள் என்று கேள்வி. உங்கள் நிருபரை அனுப்பினால் காபி உண்டு, சால்வை கிடையாது.

பெயரை வெளியிட வேண்டாம். குழுவில் ஏற்கெனவே என்னை 'இஸ்திரி கட்சி' என்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு நலச் சங்கப் பொருளாளர்,
சென்னைப் புறநகர்.