புகார்: ஃபர்ம்வேரை மாற்றினீர்கள், மிடி அட்டவணையை மாற்றவில்லை

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: இரண்டு டெக் (ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு ஓடும் பகுதி) கொண்ட டிஜே கன்ட்ரோலர் அனுப்பும் மிடி எண்கள் (இசைச் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசும் பொதுத் தரத்தின் எண்கள்) நீங்கள் வெளியிட்ட அட்டவணையோடு ஒத்துப்போகாதது குறித்து.

ஐயா / அம்மையீர்,

எங்கள் ஒலியமைப்பு வாடகை நிலையத்துக்கு உங்கள் கன்ட்ரோலர்கள் நான்கை வாங்கியிருக்கிறோம். எந்த மிடி மென்பொருளோடும் இயங்கும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். எந்தப் பொத்தான் எந்த எண்ணை அனுப்பும் என்ற அட்டவணையும் உங்கள் தளத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் மிக்ஸ் மென்பொருளுக்கு (கடைசியில் மூன்று எக்ஸ் வரும் கட்டற்ற மென்பொருள்) மேப்பிங் (எந்த எண் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பட்டியலும் ஸ்கிரிப்டும்) எழுதினோம். புதிய ஃபர்ம்வேரை (சாதனத்துக்குள்ளேயே இயங்கும் மென்பொருள்) ஏற்றிய மூன்று கன்ட்ரோலர்களில் அந்த மேப்பிங் இப்போது வேலைக்கு ஆகவில்லை. ஏற்றாமல் விட்ட நான்காவதில் ஒரு குறையும் இல்லை.

முதலில் அனுப்பிய புகாருக்கு, டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னீர்கள். இது டிரைவரே தேவைப்படாத சாதனம், நீக்க என்ன இருக்கிறது? வேறு நிறுவனத்தின் மென்பொருளுக்கு உதவ இயலாது என்றும் எழுதியிருந்தீர்கள். அதனால் இந்த முறை டிஜே மென்பொருள் எதையும் திறக்காமல், விண்டோஸில் மிடி-ஆக்ஸ், லினக்ஸில் ஏசெக்டம்ப் ஆகியவற்றில் கம்பி வழியே வரும் எண்களை மட்டும் பார்த்தோம். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துச் சோதித்ததில் கண்டவை கீழே. எண்கள் எல்லாம் பதின்ம முறையில்.

பெரிய சேதம் ஜாக் வீலில் (பாட்டைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தும் சக்கரம்). உங்கள் அட்டவணைப்படி வலப்பக்கம் ஒரு நகர்வுக்கு 1, இடப்பக்கம் ஒரு நகர்வுக்கு 127 வர வேண்டும், வேகமாகச் சுற்றினால் 2, 126 என்று விலகும். பழைய கன்ட்ரோலர் அப்படியே அனுப்புகிறது. புதிய ஃபர்ம்வேரோ 64-ஐ நடுவாக வைத்து வலத்துக்கு 65, இடத்துக்கு 63 அனுப்புகிறது. இரண்டுமே வழக்கத்தில் உள்ள முறைகள்தான், எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லாமல் மாற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதல் முறைக்கு எழுதிய ஸ்கிரிப்ட், 64-க்குக் குறைவான எண்ணை அப்படியே எடுக்கும், மற்றதிலிருந்து 128-ஐக் கழிக்கும். 65 வந்தால் விடை மைனஸ் 63. விரலால் ஒரு நகர்வு முன்னே தள்ளினால் பாட்டு 63 நகர்வு பின்னே பாய்கிறது. பின்னே இழுத்தால் 63 நகர்வு முன்னே. கூட்டத்தின் முன் இது நடந்தால் கன்ட்ரோலர் பழுது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

கழித்தலை 64 என்று திருத்தியதும் திசை சரியானது, வேகம் ஆகவில்லை. ஒரு முழுச் சுற்றுக்கு 128 நகர்வு என்கிறது அட்டவணை. வீலின் விளிம்பில் டேப் ஒட்டி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி எண்ணினால் 256 வருகிறது. ஸ்க்ராட்ச் (இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுப்பது) கணக்குக்கு மிக்ஸிடம் சுற்றுக்கு எத்தனை நகர்வு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று இரண்டையும் கொடுக்க வேண்டும். பாதி எண்ணைக் கொடுத்தால் கை ஒரு சுற்றுச் சுற்றும்போது இசைத்தட்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிடும்.

அடுத்து பிட்ச் ஃபேடர், அதாவது பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு. இது 14 பிட் என்று விளம்பரம் செய்து, அதற்கான விலையும் வாங்கியிருக்கிறீர்கள். மேல் 7 பிட் சிசி (கன்ட்ரோல் சேஞ்ச் என்ற மிடி செய்தி) 9-லும் கீழ் 7 பிட் சிசி 41-லும் வரும் என்கிறது அட்டவணை, மிடி விதிப்படி 32 தள்ளி, சரியாகவே. ஃபேடரை மயிரிழையாக நகர்த்தினால் பழையதில் சிசி 41 ஒவ்வொன்றாக ஏறுகிறது. புதியதில் வருவது இது (176 என்பது சேனல் 1-இன் சிசி செய்தி, அடுத்தது சிசி எண், கடைசி அதன் மதிப்பு):

176 9 64
176 41 0
176 9 65
176 41 0

கீழ்ப்பாதி எப்போதும் 0. ஆக 16,384 படி இருக்க வேண்டிய இடத்தில் மிஞ்சுவது 128 படி. ஃபேடர் வீச்சை கூட்டல் கழித்தல் 8 சதவீதமாக வைத்தால் ஒரு படி 0.125 சதவீதம், 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 தாளத்தட்டு) பாட்டில் அது 0.16 பிபிஎம். மற்ற டெக்கின் வேகம் இரண்டு படிகளுக்கு நடுவில் விழுந்தால் 0.0625 சதவீத வித்தியாசம் தங்கிவிடும். ஒரே நிமிடத்தில் இரண்டு பாட்டும் 37.5 மில்லிசெகண்ட் விலகி, கிக் டிரம் இரட்டையாகக் கேட்கத் தொடங்கும். வேகத்தைத் தானாகச் சேர்க்கும் சிங்க் பொத்தானைத் தொடாமல் காதால் பீட் சேர்ப்பவர்களுக்கு இந்த ஃபேடர் உபயோகமில்லை. மேல் முனையும் கிடைக்காது: கீழ்ப்பாதி 0 என்பதால் உச்ச எண் 16,383 ஆகாமல் 16,256-லேயே நிற்கிறது, வேகம் 7.88 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. மேப்பிங்கில் எதை மாற்றினாலும் இது சரியாகாது. சாதனம் அனுப்பாத பிட்டை மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும்?

மூன்றாவது, ஷிஃப்ட். பேட் அழுத்தினால் சேனல் 1-இல் நோட் ஆன் (144), ஷிஃப்டோடு அழுத்தினால் சேனல் 2-இல் (145). இதில் தவறில்லை. ஆனால் பேடை விடும்போது, அழுத்திய சேனலை நினைவில் வைக்காமல், அந்த நொடியில் ஷிஃப்ட் எப்படி இருக்கிறது என்று பார்த்து நோட் ஆஃப் அனுப்புகிறீர்கள். நின்றிருக்கும் டெக்கில் ஹாட் கியூ (பாட்டில் குறித்து வைத்த இடம்) பேடை அழுத்திப் பிடித்தால் பாட்டு ஒலிக்கும், விட்டால் நிற்க வேண்டும். பிடித்திருக்கும்போதே ஷிஃப்டை அழுத்திவிட்டுப் பேடை விட்டால் நோட் ஆஃப் சேனல் 2-க்குப் போய்விடுகிறது, பாட்டு நிற்பதே இல்லை. பழைய ஃபர்ம்வேரில் இது கிடையாது. எங்கள் ஸ்கிரிப்டில் இரண்டு சேனல்களின் நோட் ஆஃபையும் ஒரே செயலுக்குக் கட்டி இப்போதைக்குச் சமாளித்திருக்கிறோம். சமாளிப்பு எங்கள் வேலை, திருத்தம் உங்கள் வேலை.

விளக்குகள் பற்றிச் சுருக்கமாக: பிளே பொத்தானின் விளக்கை மென்பொருள் அணைத்தாலும், விரல் பட்டதும் சாதனமே ஏற்றிக்கொள்கிறது. காலியான டெக்கில் பிளே எரிகிறது. இதை நிறுத்த ஓர் அமைப்பு வேண்டும்.

கேட்பது இவை. பழைய ஃபர்ம்வேர் கோப்பையும் அதற்குத் திரும்பும் வழியையும் உடனே தாருங்கள், இப்போது ஃபர்ம்வேர் ஏற்றும் உங்கள் கருவி பழைய பதிப்புக்குத் திரும்ப மறுக்கிறது. அடுத்த வெளியீட்டில் பிட்ச் ஃபேடரையும் ஷிஃப்டையும் திருத்துங்கள். மிடி அட்டவணையின் தலையில் அது எந்த ஃபர்ம்வேருக்கு உரியது என்று போடுங்கள். இன்னொன்று, மிடி தரத்திலேயே உள்ள அடையாள வினவலுக்கு (240 126 127 6 1 247) உங்கள் சாதனம் பதிலே தருவதில்லை. தந்தால் அந்தப் பதிலில் ஃபர்ம்வேர் பதிப்பும் வரும், ஜாக் வீலுக்கு எந்தக் கணக்கு என்பதை ஸ்கிரிப்டே பார்த்து முடிவு செய்துகொள்ளும். எங்களுக்கு மட்டுமல்ல, இந்தக் கன்ட்ரோலருக்கு மேப்பிங் எழுதும் எல்லோருக்கும் பாதித் தலைவலி அதோடு தீரும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பழைய ஃபர்ம்வேர் கோப்பு வந்து சேராவிட்டால், மூன்று கன்ட்ரோலர்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தருமாறு கோருவோம். அதற்கும் பதில் இல்லையென்றால் சட்டப்படி நடவடிக்கை எடுப்போம்.

இப்படிக்கு,
தொழில்நுட்பப் பிரிவு,
ஒலியமைப்பு வாடகை நிலையம்

இணைப்பு: இரண்டு ஃபர்ம்வேர்களிலும் பதிவு செய்த மிடி எண்களின் கோப்புகள், வாங்கிய ரசீதின் நகல், உங்கள் முதல் பதிலின் நகல்.