பத்தரை மணிக் கையெழுத்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை.

ஜெனீவாவில் நீ எழுதுகிற மனித உரிமைக் கட்டுரையைப் படித்தேன். "கடலூர்ல மனித உரிமை நடைமுறையில எப்படிம்மா இருக்கு, உன் அனுபவத்துல ஒரு பத்தி எழுதிக் குடு" என்று கேட்டாய். அது பத்தியில் அடங்காது. ஜெனீவாக்காரர்களுக்கு ஏற்றபடி நீயே சுருக்கிக்கொள்.

முதலில் சிரிக்கிற சங்கதி. 1993-இல் வந்த மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 30-ஆவது பிரிவு, மாவட்டத்துக்கு ஒரு செஷன்ஸ் கோர்ட்டை மனித உரிமை நீதிமன்றமாக அறிவிக்கலாம் என்கிறது. அங்கே எதை விசாரிப்பது? மனித உரிமை மீறலால் எழும் குற்றங்களை. அவை எவை? சட்டத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் கிடைக்காது. மண்டபத்தைப் பிடித்துவிட்டு மாப்பிள்ளை பார்க்க மறந்த கதை. ஆனால் டிசம்பர் 10 வந்தால் ஆபீஸ் ஆபீஸாக வரிசையில் நின்று உறுதிமொழி எடுக்கிறோம். நானும்தான் எடுக்கிறேன். வருஷம் முழுக்க அந்த வார்த்தையைக் காப்பாற்றுகிறவர்களும் உண்டு: கார் கண்ணாடியில் 'மனித உரிமை' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு டோல்கேட்டில் காசு கொடுக்க மாட்டேன் என்கிறவர்கள்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். நம் ஊர் வக்கீல்களுக்குப் பாதிச் சோறு பாண்டிச்சேரி போடுகிறது. பாண்டிச்சேரி எல்லை முள்ளோடையில் பில் போட்டு விற்கிற அதே மது பாட்டில், நம் பக்கத்து ஆல்பேட்டை வந்தால் எஃப்ஐஆர். 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது, டாஸ்மாக்கும் இருக்கிறது. ரெண்டுக்கும் அரசாங்கம் ஒன்றுதான். இதை ஜெனீவாவில் விளக்க முயலாதே, உன்னை நம்ப மாட்டார்கள்.

இப்போது என்னிடம் ஒருவன் இருக்கிறான். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டுகிறவன். வெட்டு இல்லாத நாளில் கூலிக்கு அங்கிருந்து ஒரு சரக்கு மூட்டையை வண்டியில் கொண்டுவந்து மாட்டிக்கொண்டான். மூட்டைக்குச் சொந்தக்காரன் பெயர் எஃப்ஐஆரில் இல்லை. அது எப்போதும் இருக்காது. வண்டி மச்சானுடையது. அதுவும் பறிமுதல் ஆகி ஏலத்துக்குப் போகும், மச்சான் இனி வாசல்படி மிதிக்க மாட்டான்.

ஜாமீன் சீக்கிரமே கிடைத்தது. (2024 ஜூலை முதல் குற்ற வழக்கு நடைமுறைக்குப் புதுச்சட்டம், ஜாமீன் மனுவில் பிரிவு 483 என்று போட வேண்டும். என் கை இன்னும் பழைய சட்டத்தின் 439 என்றே எழுதுகிறது, குமாஸ்தா திருத்துகிறார்.) பத்தாயிரத்துக்கு ரெண்டு சூரிட்டி, அதாவது சொத்தைக் காட்டி அவனுக்குப் பொறுப்பேற்கிற ஆட்கள், வேண்டும் என்று உத்தரவு. அவன் மனைவி மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த வீட்டு வரி ரசீது நாலாக மடிந்து, மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் செலோடேப் ஒட்டியிருந்தது. பெயர் மாமியாருடையது. மாமியார் செத்துப் பல வருஷம். "செத்தவங்க ஜாமீன் குடுக்க முடியாதும்மா" என்றேன். "அவங்க இருந்தா கண்டிப்பா குடுத்திருப்பாங்க வக்கீலம்மா" என்றாள். கோர்ட் வாசலில் வாடகைக்கு சூரிட்டி நிற்கிற ஆட்கள் உண்டு, அவர்களிடம் போகாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஜாமீன் உத்தரவு ஒரு பக்கம் இருக்க, அவன் உள்ளேயே இருந்தான்.

1978-இல் மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் இதைத்தான் கேட்டார். கொத்தனார் ஒருவரிடம் பத்தாயிரத்துக்கு ஜாமீன் கேட்டு, உடன்பிறந்தவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்ட்ரேட் தள்ளிவிட்டார். வேறு ஆள் வேண்டாம், அவரே எழுதிக் கொடுக்கிற ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார் கிருஷ்ணய்யர். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னது: ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றி ஜெயில் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், உள்ளூர் சூரிட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் கூடாது. அந்த உத்தரவை மனுவோடு வைத்தேன். சொந்தப் பிணையில் விட்டார்கள். நீதிபதி நல்ல மனுஷர்தான், யாராவது எடுத்து வைத்தால் படிப்பார்.

விட்டதும் ஒரு நிபந்தனை: தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. உன் கட்டுரையில் தனிமனித சுதந்திரம் என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது, இந்தப் பத்தரை மணி அதில் இல்லை. கரும்பு வெட்டுக்கு விடிகிறபோதே இறங்க வேண்டும். பத்தரைக்குக் கையெழுத்தென்றால் எட்டரைக்குக் கத்தியைக் கீழே போட்டு பஸ் பிடிக்க வேண்டும். போனதும் "ஐயா வரட்டும்" என்று பெஞ்சில் உட்காரச் சொல்வார்கள். அன்றைக்குக் கூலி இல்லை. ஆபீஸ் போகிறவர்கள் யோசித்துப் போட்ட நேரம் அது. தீர்ப்பு வருமுன்னே தண்டனை ஆரம்பித்துவிட்டது, அதற்கு அப்பீலும் கிடையாது.

நிபந்தனைக்கு நம் ஊரில் பெரிய பரம்பரையே உண்டு, தெரியுமோ? 1918 நவம்பரில் பாண்டிச்சேரியிலிருந்து வெளியே வந்த பாரதியைப் பிடித்துக் கடலூர் சிறையில்தான் வைத்தார்கள். டிசம்பரில் விட்டபோது, திருநெல்வேலிப் பக்கமே இருக்க வேண்டும், எழுதுவதைப் போலீஸிடம் காட்டித்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை. அவருக்காவது சி.பி. ராமசாமி ஐயர், அன்னி பெசன்ட் என்று பேச ஆள் இருந்தது. என் கட்சிக்காரனுக்கு நான்தான், நானும் ஃபீஸ் இன்னும் வாங்கவில்லை.

நேரத்தை மாலை ஆறுக்கு மாற்றக் கேட்டு மனு போட்டிருக்கிறேன். போலீஸ் தரப்பு ஆட்சேபம், வியாழக்கிழமைக்கு வாய்தா. ஜெனீவாவில் இப்படி வேலைக்குப் போகிறவனுக்கு எந்த நேரத்தில் கையெழுத்து வைக்கிறார்கள், அவனைக் கேட்டு வைக்கிறார்களா என்று விசாரித்துச் சொல். தீர்ப்பு ஏதும் இருந்தால் புதன் ராத்திரிக்குள் வாட்ஸப்பில் போடு, வியாழன் காலை பிரிண்ட் எடுக்க வேண்டும்.

அம்மா,
மஞ்சக்குப்பம்