ஹெட்டை இறக்குமுன் கேஜ் முள்ளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என்னுடையது 1998 மாடல் பெட்ரோல் கார், கார்புரேட்டர் வண்டி. காளவாசல் சிக்னலில் நின்றாலே உதறும், சில நேரம் ஆஃப் ஆகிவிடும், பின்னால் நிற்பவர்கள் ஹாரனிலேயே திட்டுவார்கள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பிளக் மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், அப்புறம் "வால்வு போயிருக்கும் சார், ஹெட்டை இறக்கணும்" என்றார்கள், அதாவது என்ஜினின் மேல்பாகத்தையே கழற்றுகிற வேலை. அதற்குச் சொன்ன தொகையைக் கேட்டு வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு அரப்பாளையம் பக்கம் தகர ஷெட்டில் இருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் ஸ்பேனரையே தொடவில்லை. என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு ஹோஸை உருவி, என்ஜின் எவ்வளவு பலமாக உறிஞ்சுகிறது என்று முள்ளால் காட்டும் வேக்குவம் கேஜை மாட்டினார். நல்ல என்ஜின் என்றால் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடவிட்டால், முள் 17க்கும் 22க்கும் நடுவே (பாதரச அங்குலக் கணக்கு) அசையாமல் நிற்க வேண்டுமாம். என் வண்டியில் 12. ஆனால் ஆடவில்லை. "வால்வு கருகியிருந்தா முள்ளு தாளம் போட்ட மாதிரி விட்டு விட்டு விழும் தம்பி, இது எங்கேயோ காத்து இழுக்குது" என்று சொல்லிவிட்டு ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். விரல் நீளம்கூட இல்லாத ஒரு ரப்பர் ஹோஸ், அடிப்பக்கம் வெடித்திருந்தது. அதைக் கட்டைவிரலால் அமுக்கினார், முள் 18க்கு ஏறியது, உதறல் நின்றது. விரலை எடுத்தார், மறுபடி 12. கோளாறைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

சைலன்சர் அடைத்திருந்தாலும் இதில் தெரியுமாம், ஆக்சிலேட்டரைக் கொடுத்து ஒரே சீராகப் பிடித்தால் முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வரும் என்றார். ஊரையும் பார்க்கணுமாம்: ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஒன்று குறையும், அதனால் கொடைக்கானலில் அதே 12 காட்டினால் வண்டிமேல் குற்றமில்லை. டீசல் வண்டிக்கு இது சரிப்படாது, பெரும்பாலும் அதில் காற்றை மறிக்கும் திராட்டிலே கிடையாது, அதனால் முள் காட்டும் அளவுக்கு வேக்குவம் உண்டாகாது.

சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களும் வாங்கிவிடக்கூடிய கருவிதான். கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் மாட்ட இடமே இல்லாத என் வண்டி மாதிரி எத்தனையோ நம் ஊரில் இன்னும் ஓடுகின்றன. ஹெட்டை இறக்கணும் என்று யாராவது சொன்னால் "முள் எவ்வளவு காட்டுது?" என்று வாசகர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுக்கட்டும். கழற்றிய என் பழைய பிளக்குகள் டிக்கியில்தான் கிடக்கின்றன, நன்றாகத்தான் இருக்கின்றன.

– ஒரு வாசகர், வில்லாபுரம், மதுரை