அம்மாவுக்கு, தோஹாவிலிருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீயும் அப்பாவும் அக்காவும் சுகந்தானே? ஞாயிற்றுக்கிழமை போன்ல "என்ன மக்களே, குரல் அடைஞ்சு கெடக்கு"ன்னு கேட்டே. ரூம்ல ஆறு பேரு இருந்தாங்க, சொல்ல முடியல. அதான் எழுதுறேன்.

காங்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற ஷட்டரிங் வேலை மார்த்தாண்டத்துலயே கைக்கு வந்ததுதான், அதுல கஷ்டம் இல்ல. போர்மேன்தான் கஷ்டம். யாரையும் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாரு. பத்து மணி நேரம் வேலை வாங்கிட்டு எட்டுன்னு எழுதுவாரு. கேட்டா, "ஊருக்கு ஏத்தி விட்டிருவேன்"ம்பாரு.

இங்க கத்தார்ல ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரைக்கும் காலைல 10 மணியிலிருந்து மத்தியானம் 3.30 வரை வெயில்ல வேலை வாங்கப்படாதுன்னு சட்டம். ஜூன்ல ஒரு நாள், 10 மணி ஆகி நாங்க இறங்கும்போது, "அந்தத் தூண் பாக்ஸை மூடிட்டுப் போங்கடா"ன்னு தடுத்துட்டாரு. கம்பியைத் தொட்டா கை பொள்ளுது. பக்கத்துல நேபாளத்துப் பையன், முதல் தடவை வெளிநாடு. அவன் பிடிச்ச பலகை ஒரு விரக்கடை விலகிருச்சு. போர்மேன் அவன் ஹெல்மெட்டைத் தட்டி விட்டாரு. அது உருண்டு போயி மணல்ல விழுந்துது. எடுத்துட்டு வந்தவன் சாயங்காலம் வரைக்கும் யாரு முகத்தையும் பார்க்கல.

எனக்கு அப்பா நினைப்பு வந்துச்சு. ரப்பர் பால்வெட்டு படிச்ச புதுசுல என் கத்தி பட்டையைத் தாண்டி ஆழமா இறங்கி உள்தடியில பட்டுது. அப்பா ஏசல. என் கைமேல கைய வச்சு நாலு மரம் வெட்ட வச்சாரு. "காயம் பட்ட இடத்துல பட்டை முண்டு முண்டாத்தான் வளரும், பார்த்து"ன்னு மட்டும் சொன்னாரு. அவ்வளவுதான்.

அன்னைக்கு ராத்திரியே ஒரு நோட்டு போட்டேன். எத்தனை மணிக்கு ஏறினோம், எப்ப இறங்கினோம், என்ன சொன்னாரு, எல்லாம் தேதி போட்டு எழுதினேன். "கை ஓங்கிராதே, எழுதி வை"ன்னு சொன்னது எங்கூட இருக்குற பாறசாலை அண்ணன். முன்னெல்லாம் பழைய கம்பெனி சம்மதக் கடிதம் தந்தாத்தான் வேற எடத்துக்கு மாற முடியுமாம். 2020ல அது போயிருச்சு. வந்து ரெண்டு வருஷம் தாண்டலைன்னா ஒரு மாச நோட்டீஸ் போதும். நான் வந்து ஒரு வருஷம் எட்டு மாசம்.

நேத்து நோட்டோட மேனேஜர்கிட்ட போனேன். காலு நடுங்கிச்சும்மா. நிக்க வச்சே மூணு பக்கம் படிச்சாரு. ஓவர்டைம் பாக்கியை அடுத்த சம்பளத்துல போடுறேன்னாரு. போர்மேனைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அப்பவே நோட்டீஸ் கொடுத்துட்டேன். ஆபீஸ்ல வச்சிருந்த பாஸ்போர்ட்டையும் கேட்டு வாங்கிட்டேன், கம்பெனி பிடிச்சு வைக்கப்படாது. நேபாளத்துப் பையன் இப்ப தனியா ஒரு நோட்டு எழுதுறான்.

வேற கம்பெனி பேசியாச்சு. ஒரு மாசம் பணம் பிந்தும், அதுக்காக அக்கா வளையலை அடகு வைக்காதே. என்னை வரச் சொல்லி அழவும் செய்யாதே, நான் தோத்து வர்ற மாதிரி ஒண்ணும் நடக்கல.

மழைக்கு மரத்துல கட்டுன பிளாஸ்டிக் தாங்குதா? விடியக்காலம் வெட்டப் போகயில நான் கொடுத்து விட்ட தலை லைட்டை அப்பா போடுறாரான்னு எழுது.

உன் மகன்