ஆர்-12 வாயுவும் தென்துருவச் சுழலும்

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "அப்பா, நீங்கள் அங்கே திறந்துவிட்ட வாயுதான் அவுஸ்திரேலியாவின் தென்கோடி ஹோபாட்டில் என் தோலைச் சுடுகிறது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். பாதி உண்மை, பாதி பிழை என்பதால் எழுதிவிடுவது நல்லதென்று நினைத்தேன்.

எண்பதுகளில் குளிர்சாதனப் பெட்டி திருத்த வந்தால், குழாய் நுனியை வெட்டி, உள்ளே குளிரூட்டும் பழைய ஆர்-12 என்ற குளோரின் அடங்கிய வாயுவை வெளியே விடுவதே எங்கள் வழக்கம். சீறிக்கொண்டு வரும், செப்புக் குழாயின் வாயில் வெண்பனி படியும், மணமும் இராது, தீயும் பற்றாது. இத்தகைய வாயுக்கள், சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோனை அழிக்கும் என்று 1974இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் விடுத்த எச்சரிக்கை எங்கள் பட்டறை வரை வந்து சேரவில்லை.

இங்கே விட்டதற்குத் தென்துருவத்தில் ஏன் ஓசோன் குறைய வேண்டும்? அந்த வாயு ஓரிரு ஆண்டுகளில் உலகக் காற்று முழுவதிலும் கலந்து, நம்மைப் போன்ற வெப்பவலய நாடுகளுக்கு மேலாக, ஓசோன் இருக்கும் உயர் காற்றடுக்கான படைமண்டலத்துக்கு ஏறி, சில ஆண்டுகளில் துருவங்களை அடைகிறது. குளிர்காலத்தில் அங்கே கடும் மேலைக்காற்று துருவத்தைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். கோணேசர் கோயில் மலையிலிருந்து கீழே பார்த்தால், பாறை இடுக்கில் அகப்பட்ட தேங்காய்ப் பாதி வெளியேற வழியின்றிச் சுற்றிக்கொண்டே கிடக்குமே, துருவச் சுழலுக்குள் சிக்கிய காற்றின் நிலையும் அதுதான். வெளிக்காற்று புகாமலும் வெயில் படாமலும் குளிர் −78 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது, நைத்திரிக் அமிலமும் நீரும் சேர்ந்து மேகங்களாகின்றன. அதுவரை வேறு சேர்மங்களுக்குள் அடங்கிக் கிடந்த குளோரின் அந்த மேகத் துணிக்கைகளின் மேற்பரப்பில் கட்டவிழ்ந்து, வசந்தத்தில் வெயில் திரும்பியதும் ஓசோனை அழிக்கத் தொடங்குகிறது. 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற ஆய்வாளர் மூவரும் அந்தாட்டிக்காவின் ஹாலி ஆய்வு நிலைய அளவீடுகளிலிருந்து உலகுக்குச் சொன்னது இந்த வசந்தகால இழப்பைத்தான். அதை 'ஓட்டை' என்பது எனக்கு உவப்பில்லை. கிடுகு பிய்ந்த கூரையைப் போல் எண்ண வைக்கிறது. உண்மையில் அங்கே ஓசோன் மெலிகிறது. ஓசோனின் அளவைக் குறிக்கும் டொப்சன் அலகில் 220க்குக் கீழே போன பகுதியை அப்படி அழைக்கிறார்கள்.

வடதுருவத்திலும் இதே குளோரின் உண்டு. ஆனால் அங்குள்ள மலைகளும் கண்டங்களும் காற்றில் எழுப்பும் பேரலைகள் சுழலை அடிக்கடி குலைத்துச் சூடேற்றிவிடுவதால் இழப்பு குறைவு. சுழல் அசையாமல் நின்ற 2020 வசந்தத்தில் அங்கேயும் ஓசோன் பெரிதும் சரிந்தது. மாறாக, 2002 செப்டெம்பரில் தென்துருவச் சுழலே இரண்டாகப் பிளந்து, அவ்வாண்டின் இழப்பு சுருங்கியது. குற்றம் வாயுவினுடையது, அந்தந்த ஆண்டு அது எவ்வளவு அழிக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சுழல்தான்.

உன் ஊர் வழக்கமாக அந்தச் சுழலுக்கு வெளியேதான் இருக்கிறது. உன்னைச் சுடுவதில் பெரும்பங்கு, தூசு குறைந்த வானுக்கும், பூமி சூரியனை நெருங்கிவரும் காலத்தில் உங்களுக்குக் கோடை வருவதற்கும் உரியது. என்றாலும் கோடைத் தொடக்கத்தில் சுழல் உடையும்போது ஓசோன் குன்றிய காற்றுத் துண்டுகள் வடக்கே நகரும். 1987 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் தென்பகுதிக்கு மேலும் அப்படி வந்தன. இத்தகைய வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மொன்றியல் உடன்படிக்கை 1987இலேயே கைச்சாத்தானது. ஆனாலும் ஆர்-12 ஏறக்குறைய நூறாண்டு நிலைக்கக்கூடியது என்பதால், நான் அன்று விட்டதில் பாதிக்கு மேல் இன்னும் காற்றில்தான் இருக்கிறது.

நவம்பர், டிசம்பரில் தொப்பியில்லாமல் கடற்கரைக்குப் போகாதே. அம்மா அகன்ற விளிம்புள்ள பனையோலைத் தொப்பி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அடுத்த பொதியில் வரும்.

அன்புடன்,
அப்பா